பலிபீடத்தண்டையில் வைத்துவிட்ட காணிக்கை

(மருத்துவமனையின் ஆண்டுப் பங்காளர் கூடுகையில் எங்கள் ஊழியர் குழுவின் சார்பாக அளிக்கப்பட்ட செய்தி)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில் புறநோயாளிகள் எத்தனை பேர், பிரசவங்கள் எத்தனை, புதிதாக வாங்கிய கருவி எது என்று கணக்கு ஒப்புவிப்பது எங்கள் வழக்கம். அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கைகளில் இருக்கிறது. ஆகையால் அதை வாசித்துக் காட்டாமல், தூரதேசத்துத் திருச்சபைகள் சில ஏறக்குறைய நாற்பது வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிற ஒரு பாடத்தை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். தேசம் கனடா. பாடம், ஒப்புரவாகுதல். ஆஸ்பத்திரிக்குக் காணிக்கை அனுப்புகிற நமக்கும் கனடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள், சம்பந்தம் இருக்கிறது.

மத்தேயு 5ம் அதிகாரம், 23, 24ம் வசனங்கள் நமக்கெல்லாம் மனப்பாடம். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன் எதை நினைவுகூர வேண்டும் என்று ஆண்டவர் சொல்லுகிறார்? தனக்குத் தன் சகோதரன்பேரில் குறை உண்டா என்பதை அல்ல. சகோதரனுக்குத் தன்பேரில் குறை உண்டா என்பதை. இந்த வித்தியாசத்தை நாம் சுலபமாய் வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். குறை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிற உரிமை காணிக்கை கொண்டுவந்தவனிடத்தில் இல்லை.

நம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அந்த மக்களைப் பற்றியதுதான் இந்தச் செய்தி. அந்தப் பெயரை அவர்கள் விரும்புகிறதில்லை. பூர்வகுடிகள் என்றே சொல்லுவோம். அவர்களுடைய பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் வைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, ஐரோப்பியரைப் போல ஆக்குவது என்று கனடா அரசாங்கம் 19ம் நூற்றாண்டின் பின்பகுதியில் திட்டமிட்டது. பணம் அரசாங்கத்தினுடையது. நடத்தினவர்கள் திருச்சபையார். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன் சபையார், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியன்கள், பிற்பாடு 1925ல் உருவான ஐக்கிய திருச்சபையார் என்று பெரிய சபைகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 1920ல் சட்டமே வந்துவிட்டது: அதிகாரி பிள்ளையை அனுப்பச் சொன்னால் தகப்பன் மறுக்க முடியாது. 130க்கும் மேற்பட்ட பள்ளிகள். ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். நம்மில் பலருக்கு அப்போது கலியாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தாகிவிட்டது, அவ்வளவு சமீபம்.

எங்களைப் போன்ற மருத்துவ ஊழியர்களின் நெஞ்சில் தைக்கிறது வேறொரு காரியம். டாக்டர் பீட்டர் பிரைஸ் என்பவர் கனடா அரசாங்கத்தின் பூர்வகுடி விவகார இலாகாவுக்குத் தலைமை மருத்துவ அதிகாரி. 1907ல் அவர் மேற்கு மாகாணங்களிலுள்ள 35 பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்தார். அவற்றில் 15 பள்ளிகளிலிருந்து கிடைத்த விவரத்தின்படி, அங்கே சேர்ந்த 1,537 பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் மரித்திருந்தார்கள். முழுமையான கணக்கு அனுப்பின பள்ளி ஒன்று. பைல் ஹில்ஸ் என்று பேர். அங்கே படித்துப்போன பிள்ளைகளில் 69 சதவீதம் பேர் உயிரோடில்லை. பெரும்பாலும் காசநோய். காற்றோட்டமில்லாத படுக்கையறைகள், குளிருக்குப் பயந்து அடைத்துவைத்த ஜன்னல்கள், நெருக்கமாய்ப் போட்ட கட்டில்கள். இதற்கு மேல் ஒன்று உண்டு. தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் மானியம் கொடுத்தபடியால், எண்ணிக்கை குறையக்கூடாது என்று நோயுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். டி.பி. வார்டில் வேலைசெய்த எந்த நர்ஸிடமும் கேளுங்கள், அந்த அறையில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லுவார்.

பிரைஸ் சொன்ன பரிகாரங்கள் பணச்செலவு என்று தள்ளப்பட்டன. அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் 1922ல் சொந்தமாகவே ஒரு சிறு நூலை வெளியிட்டு, இதைத் தேசத்தின் குற்றம் என்று எழுதினார். சபைக்குள்ளும் எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. சாமுவேல் பிளேக் என்ற ஆங்கிலிக்கன் வழக்கறிஞர், தடுக்கக்கூடிய மரணங்களைத் தடுக்காமலிருப்பது கொலைக் குற்றத்துக்குச் சமீபமாய் வருகிறது என்று அந்த நாட்களிலேயே எழுதினார். கேட்பாரில்லை.

இப்போது சம்பந்தத்துக்கு வருவோம். பைல் ஹில்ஸ் பள்ளி பிரஸ்பிட்டேரியன் சபையினுடையது. அதைத் தாங்கினது அந்தச் சபையின் மாதர் வெளிதேச மிஷனெரி சங்கம். 1876ல் டொரன்டோவில் தொடங்கின சங்கம் அது. அதே சங்கத்தின் ஆதரவோடுதான் 1880களில் எலிசபெத் பீட்டி, மேரியன் ஆலிவர் என்ற இரண்டு பெண் டாக்டர்கள் நம் தேசத்து இந்தூருக்கு வந்தார்கள். ஆண் வைத்தியரிடம் கையைக்கூடக் காட்டக்கூடாத அந்தப்புரத்துப் பெண்களுக்கு வைத்தியம் செய்தார்கள். பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை எழும்பிற்று. அதற்காக இன்றைக்கும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

ஒரே உண்டியல், பிரியமானவர்களே. கனடாவின் கிராமத்துச் சபைகளில் தையல் தைத்தும் முட்டை விற்றும் சேர்த்த அதே தாய்மார்களின் காசு. ஒரு பங்கு இந்தூரில் பிரசவத்தில் சாகவேண்டிய பெண்ணைப் பிழைப்பித்தது. இன்னொரு பங்கு பைல் ஹில்ஸ் போயிற்று. கொடுத்தவர்களுடைய அன்பில் வித்தியாசமில்லை. இரண்டுக்கும் ஜெபித்துத்தான் கொடுத்தார்கள், இரண்டிலிருந்தும் அவர்களுக்குக் கடிதங்கள் வந்தன. ஆனால் ஒரு இடத்தில் நோயாளி தானாக வந்தாள், சுகமானால் வீட்டுக்குப் போனாள், வேண்டாமென்றால் வராமலும் இருந்தாள். மற்ற இடத்தில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அந்தத் தாய்மார்களின் கைக்கு வந்த செய்திமடலில் இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா? சுத்தமான உடுப்போடு வரிசையாய் நிற்கிற பிள்ளைகளின் படம் தெரிந்திருக்கும். நாங்களும் செய்திமடல் அனுப்புகிறவர்கள். ஆகவேதான் இந்தக் கேள்வியை விடமுடியவில்லை.

பள்ளிகளோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1948 முதல் 1952 வரை ஆறு விடுதிப் பள்ளிகளில் சத்துணவு ஆராய்ச்சி என்ற பேரில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்கினார்கள். அவற்றில் ஒன்றான அல்பெர்னி பள்ளியில், குறைவான பால் கொடுத்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று அளவெடுப்பதற்காகவே, வேண்டிய பாலில் பாதிக்கும் குறைவாக இரண்டு வருஷம் கொடுத்தார்கள். பெற்றோரிடம் கேட்கவில்லை. அது ஐக்கிய திருச்சபை நடத்தின பள்ளி. இயன் மாஸ்பி என்ற சரித்திர ஆசிரியர் 2013ல் எழுதியபோதுதான் உலகம் அறிந்தது.

சரி, சபைகள் என்ன செய்தன? 1985ல் ஐக்கிய திருச்சபையின் நிர்வாகக் குழுவில், மேற்குக் கரைப் பூர்வகுடியைச் சேர்ந்த ஆல்பர்ட்டா பில்லி அம்மையார் எழுந்து, நீங்கள் எங்களிடத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். அந்த அம்மையார் சபைக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல. அதே மேஜையில் உட்கார்ந்த அங்கத்தினர். மறு வருஷம், 1986 ஆகஸ்டில், சட்பரி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சபையின் மாமன்றம் கூடியது. உள்ளே விவாதம் நடக்க, வெளியே வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் கூடாரம் போட்டுப் பூர்வகுடி மூப்பர்கள் காத்திருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியதும் சபைத் தலைவர் ராபர்ட் ஸ்மித் வெளியே வந்து, அவர்களிடத்தில் மன்னிப்பைக் கேட்டார். உங்களுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தபோது, உங்களிடமிருந்த ஆவிக்குரிய ஆழத்தைக் காணாமல், எங்கள் நாகரிகத்தையும் சேர்த்துத் திணித்தோம் என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில் நாமாயிருந்தால் என்ன எதிர்பார்ப்போம்? கண்ணீரோடு கட்டித் தழுவி, ஒரு பாட்டுப் பாடி, படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டு முடித்திருப்போம். மூப்பர்களோ, யோசித்துச் சொல்லுகிறோம் என்றார்கள். அந்த யோசனை இரண்டு வருஷம் எடுத்தது. 1988ல் பதில் வந்தது: உங்கள் மன்னிப்பு வேண்டுதலைக் கேட்டோம், மதித்து ஏற்றுக்கொள்ளுகிறோம் என்றல்ல, கேட்டோம் என்று அறிவிக்கிறோம், நீங்கள் சொன்னதை வாழ்ந்து காட்டுவீர்கள் என்று நம்புகிறோம் என்ற கருத்தில். சட்பரியில் அன்றைக்கு நினைவாகக் கற்குவியல் ஒன்று எழுப்பினார்கள். மூப்பர்கள் கேட்டுக்கொண்டபடி அதை முடிக்காமலே விட்டார்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது கில்காலில் நாட்டின பன்னிரண்டு கற்கள் நடந்து முடிந்த காரியத்துக்கு அடையாளம். சட்பரிக் கற்கள் இன்னும் முடியாத காரியத்துக்கு அடையாளம். எங்களுக்கு இது அவமானமாய்த் தோன்றவில்லை, மரியாதையாகத் தோன்றுகிறது. ஒரு மன்னிப்பை அவ்வளவு பாரமானதாய் எடுத்துக்கொண்டார்கள் அந்த மூப்பர்கள்.

மற்ற சபைகளும் ஒவ்வொன்றாய் வந்தன. 1991ல் ஒப்லேட் சபைத் துறவிகள். 1993 ஆகஸ்ட் 6ந்தேதி மினாக்கி என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் பியர்ஸ். அவர் பல நாட்கள் அந்த மக்கள் பேசினதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டே வாய் திறந்தார் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அங்கே பதில் மறுநாளே வந்தது, ஏற்றுக்கொள்ளுகிறோம் என்று. பிரஸ்பிட்டேரியன் சபை 1994ல் பாவ அறிக்கையாகவே எழுதிக் கொடுத்தது. ஐக்கிய திருச்சபை 1998ல் விடுதிப் பள்ளிகளுக்காகத் தனியாக மறுபடியும் கேட்டது. 1986ல் சொன்னதில் பள்ளிகளின் பேரே இல்லை என்று அவர்களுக்கு உணர்த்தப்பட்டதே காரணம்.

வார்த்தைக்குப் பிறகு பணம் வந்தது. இங்கேதான் சகேயு நினைவுக்கு வருகிறான். பள்ளிகளில் அடிபட்டும் கெடுக்கப்பட்டும் வளர்ந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆங்கிலிக்கன் சபையின் கரிபூ அத்தியட்சாதீனம், லிட்டனிலிருந்த ஒரு பள்ளியின் வழக்குகளில் சொத்தெல்லாம் கரைந்து, 2001 முடிவோடு அத்தியட்சாதீனமாக இல்லாமற்போயிற்று. 2003ல் அந்தச் சபை இழப்பீட்டுக்கென்று 2.5 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டபோது, பள்ளி ஒன்றுகூட நடத்தியிராத அத்தியட்சாதீனங்களும் பங்கு போட்டுக் கொடுத்தன. நாங்கள் நடத்தவில்லையே என்று அவை ஒதுங்கியிருக்கலாம். கத்தோலிக்க அமைப்புகளின் கதை வேறு விதமாயிற்று. 2006ல் கையெழுத்தான பொது உடன்படிக்கையில், விசுவாசிகளிடத்தில் 2.5 கோடி டாலர் திரட்ட முயலுவோம் என்று சொன்னார்கள்; திரண்டது 40 லட்சத்துக்கும் குறைவு. 2015ல் சட்டப்படி அந்தப் பொறுப்பிலிருந்து விடுதலையும் பெற்றார்கள். சட்டம் விடுவித்தது, மனச்சாட்சி விடவில்லை போலும்: 2021 செப்டம்பரில் ஆயர்கள் ஐந்து வருஷத்தில் 3 கோடி டாலர் கொடுப்பதாகப் புதிதாய் வாக்குக் கொடுத்தார்கள். பின்பு 2022 ஜூலை 25ந்தேதி மறைந்த போப் பிரான்சிஸ், சக்கர நாற்காலியில் மஸ்குவாசிஸ் வரைக்கும் போய், அந்த மண்ணிலேயே மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச்சில், அந்நிய தேசங்களைக் கிறிஸ்தவ அரசர்கள் கண்டுபிடித்தால் அவர்களுக்கே சொந்தம் என்ற பழைய கொள்கையை வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது.

இதற்கிடையில் 2008ல் ஏற்பட்ட உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம், நீதிபதி மரே சின்க்ளேர் தலைமையில் தேசமெங்கும் சுற்றி, 6,000க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. அவரும் பூர்வகுடியினர்தான், 2024ல் காலமானார். 2015ல் வந்த அந்த அறிக்கையில் பள்ளிகளில் மரித்த பிள்ளைகள் 3,200 பேர் என்று கணக்கு. பிற்பாடு தேடத்தேட 4,000ஐத் தாண்டிவிட்டது. அந்த 3,200ல் மூன்றில் ஒரு பங்குக்குப் பேரே எழுதப்படவில்லை. காரணம் எழுதப்பட்டவற்றில் ஏறக்குறைய பாதி காசநோய். 2021ல் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் ரேடார் கருவியில் சுமார் 200 கல்லறைகள் இருக்கக்கூடும் என்று செய்தி வந்து உலகமெங்கும் பரவினது உங்களுக்கு நினைவிருக்கும். அவை தோண்டி உறுதிசெய்யப்பட்டவை அல்ல. ஆனால் எழுதப்பட்ட மரணங்களே போதும். வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த ஆணையம் 94 அழைப்புகளைக் கொடுத்தது. சபைகளுக்கென்று சொன்னவற்றில் ஒன்று, உங்கள் விசுவாசிகளுக்கு இந்த உண்மையைப் போதியுங்கள், குருமாணவர்களுக்கும் போதியுங்கள் என்பது. இன்னொன்று, அந்த மக்களே நடத்துகிற குணமாக்குதலுக்கும் மொழி மீட்புக்கும் நிரந்தரமாய்ப் பணம் கொடுங்கள் என்பது. எந்த மொழியைப் பேசினதற்காகப் பிள்ளையை அடித்தார்களோ, அந்த மொழியைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வகுப்புக்கு இன்று சபைக் காணிக்கை போகிறது. மருத்துவமனைகளுக்கும் ஒரு அழைப்பு உண்டு. அது 22ம் எண். பூர்வகுடி நோயாளி கேட்டால், அவர்களுடைய பாரம்பரிய குணமாக்கும் முறைகளை மதித்து, அவர்களுடைய மூப்பரோடும் வைத்தியரோடும் சேர்ந்து பயன்படுத்துங்கள் என்கிறது. எங்கள் டாக்டர்களுக்குள்ளேயே இதைப்பற்றி வாக்குவாதம் உண்டு. மருந்தின் வேலையை மருந்துதான் செய்யும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் நோயாளியின் பாட்டியை வார்டுக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டு நோயாளியைக் குணமாக்கலாம் என்று நினைத்ததில் விளைந்த தீமையைக் கனடாவின் சரித்திரம் காட்டிவிட்டது.

அதற்கு ஒரு சாட்சி, வடதுருவத்து இனுவிட் மக்கள். 1950களில் அரசாங்கத்தின் மருத்துவக் கப்பல் அவர்கள் கரைக்கு வரும். ஏறினவர்களுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். நெஞ்சில் காசநோய் தெரிந்தால், கரைக்குத் திரும்பவிடாமல் அப்படியே தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். பிள்ளைக்கு முத்தங்கொடுக்க நேரமில்லை. ஹாமில்டன் நகரத்துக் காசநோய் மருத்துவமனைக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பலர் சுகமாகித் திரும்பினார்கள் என்பதும் உண்மை. அந்த வைத்தியம் உயிர்களைக் காத்தது. திரும்பாதவர்கள் எங்கே அடக்கம்பண்ணப்பட்டார்கள் என்று பல குடும்பங்களுக்குச் சொல்லப்படவேயில்லை. நல்ல வைத்தியம் செய்தும் இப்படி ஒரு காயத்தை உண்டாக்க முடியும் என்பதை எங்கள் நர்ஸிங் மாணவிகளுக்கு இப்போது சொல்லிக்கொடுக்கிறோம். 2019 மார்ச்சில் பிரதமர் இக்காலுவிட் ஊருக்குப் போய் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அன்றுமுதல் நானிலாவுட் என்ற முயற்சியின் மூலம், மரித்தவர்களின் விவரங்களைத் தேடிச் சேர்த்து, குடும்பத்தார் கல்லறைக்குப் போய்வர உதவி செய்கிறார்கள். அந்த வார்த்தைக்கு, அவர்களைக் கண்டுபிடிப்போம் என்று அர்த்தம்.

உங்கள் கைகளிலுள்ள அறிக்கையின் நாலாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வார்டுகளில் மரித்தவர்களின் எண்ணிக்கையும், சிகிச்சையைப் பாதியில் விட்டுப்போனவர்களின் எண்ணிக்கையும், எங்களுக்குத் தெரிந்தவரையில் ஏன் போனார்கள் என்பதும் அங்கே அச்சாகியிருக்கிறது. காணிக்கையாளர்கள் மனம் சோர்ந்துபோவார்களே என்று நிர்வாகக் குழுவில் சிலர் தயங்கினார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் பைல் ஹில்ஸுக்குக் காசு அனுப்பின தாய்மார்களின் கையில் இப்படி ஒரு பக்கம் கிடைத்திருந்தால், அவர்களில் ஒருத்தியாவது, இந்தப் பிள்ளைகள் ஏன் சாகிறார்கள் என்று கேட்டு எழுதியிருப்பாள் என்று நாங்கள் நம்புகிறோம். வாசித்துவிட்டுக் கேள்வி எழுதி அனுப்புங்கள். காணிக்கை உறைக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். தனித் தபால் செலவு வேண்டாம்.

மதிய போஜனத்துக்குமுன் சில நிமிஷம் தரித்திருந்து ஜெபிப்போம். தங்கள் பிள்ளை எந்த மண்ணில் கிடக்கிறது என்று இன்னும் தேடுகிற குடும்பங்களுக்காக. மன்னிப்பைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற சபைகளுக்காக. காசநோய் வார்டில் இன்று காலை புதிதாய்ச் சேர்ந்திருக்கிற மலைகிராமத்துத் தாய்க்காக. அவளுடைய மொழி எங்களில் ஒருவருக்கும் சரியாய்த் தெரியாதபடியால் அவளுடைய தமக்கையும் கூடவே வார்டில் தங்கியிருக்கிறாள்.